சரிவோர ஹோட்டலுக்குக் கொடுத்த காசு

டர்பனில் டிசம்பர் என்றால் வியர்வை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் கூட்டமாகக் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள்; உம்லாங்காவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து நாங்கள் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைக்குப் போய், பனிச்சறுக்குப் பாதையை ஒட்டிய ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் தங்கிவிட்டு வந்தோம். நான், கணவர், பதின்வயது மகள், எட்டு வயது மகன், எழுபதைத் தாண்டிய மாமியார் (நான் அத்தை என்றே கூப்பிடுவேன்). திரும்பியதிலிருந்து சாட்ஸ்வொர்த் உறவுகள், கோயிலில் பார்க்கும் அக்காமார்கள் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அவ்வளவு பணம் தகுமா?

ஒரு யூரோவுக்கு 20 ராண்டை ஒட்டிக் கொடுக்கும் நமக்கு அது நியாயமான கேள்வி. என் பதில் இது: நேரே சறுக்குப் பாதையில் திறக்கும் வாசலுக்குக் கொடுத்த பணம் தகும், நட்சத்திரத்துக்குக் கொடுத்ததில் பாதி தண்டம்.

வாசல் என்று நான் சொல்வதைப் புரிந்துகொள்ள முதலில் பனிச்சறுக்கு பூட்ஸைப் பற்றித் தெரிய வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, பெரும்பாலும் நான்கு கொக்கிகள். கணுக்கால் மடங்காது, முழங்கால் எப்போதும் சற்று முன்னால் சாய்ந்தே நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு நடப்பது இரண்டு கால்களிலும் உரலைக் கட்டிக்கொண்டு படியேறுவது போல. தோளில் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகள், கையில் கோல்கள். எட்டு வயதுப் பையன் தன் ஸ்கீயைப் பத்தடி தூரம் தூக்குவான், பிறகு அது அப்பாவின் தோளுக்குப் போய்விடும். எல்லாவற்றையும் மாட்டி, கையுறை போட்டு, ஹெல்மெட் வாரை இறுக்கிய பிறகுதான் அவனுக்குக் கழிவறை ஞாபகம் வரும். அறை அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அன்றைய காலைப்பொழுது அத்தோடு முடிந்தது. அறை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தால் பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

சரிவோர ஹோட்டலில் விலைக்கு வாங்குவது இந்த வசதியைத்தான். நினைத்தபோது திரும்பலாம், களைத்தவர் தனியே திரும்பலாம், மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி போகலாம். நன்றாகச் சறுக்கத் தெரிந்த நான்கு நண்பர்கள் சேர்ந்து போனால் இது தேவையே இல்லை. அவர்கள் காலை 9 மணிக்குக் கிளம்பினால், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நிற்கும் வரை திரும்ப மாட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாதாரண அபார்ட்மெண்ட் போதும். எங்களைப் போல ஒரு பாட்டி, ஒரு சிறுவன், சறுக்கக் கற்றுக்கொள்ளும் நடுவயதுக்காரர்கள் என்று கலவையாகப் போகிறவர்களுக்குத்தான் வாசல் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள்.

வாசல் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரான்ஸில் சறுக்குப் பாதைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பச்சை எளிது, கறுப்பு கடினம். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் பொதுவாகப் பச்சையே கிடையாது, நீலத்தில்தான் தொடக்கம். நாங்கள் முதலில் ஆசைப்பட்ட ஹோட்டல் ஒன்றின் வாசலில் ஓடியது சிவப்புப் பாதை. படத்தில் பார்க்க அழகுதான், ஆனால் புதிதாகக் கற்பவர் அந்த வாசலில் இருந்து ஓர் அடி வைக்க முடியாது. தினமும் பஸ் பிடித்துத் தொடக்கநிலைச் சரிவுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போவதற்கு எதற்குச் சரிவோரம்? அதனால் ஊரின் சறுக்குப் பாதை வரைபடத்தை இறக்கிக்கொண்டு, ஹோட்டல் எந்த நிறக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். பிறகு ஹோட்டலுக்கே எழுதிக் கேளுங்கள்: பயிற்சிப் பள்ளி கூடும் இடம் எவ்வளவு தூரம், வாசலிலிருந்து லிஃப்டுக்குப் போக மேடு ஏற வேண்டுமா, ஸ்கீ வைக்கும் அறை சரிவின் மட்டத்திலேயே இருக்கிறதா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சில கட்டடங்களில் அந்த அறை கீழ்த்தளத்தில் இருக்கும். காலையில் மொத்த ஹோட்டலும் பூட்ஸ் காலோடு ஒரே மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்.

சரிவைப் பார்த்த அறைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நாங்கள் கொடுத்தோம். இரவில் பனியைச் சமன்படுத்தும் இயந்திரங்கள் பெரிய விளக்குகளைப் போட்டுக்கொண்டு உறுமியபடி ஏறி இறங்கும் என்பதை எந்த விளம்பரத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். மகனுக்கு அது திருவிழா. திரையை விலக்கி வைத்து டிராக்டர் எண்ணினான். அத்தைக்கு உறக்கம் போயிற்று. மறுநாள் அவருடைய அறையைத் தெருப் பக்கமாக மாற்றித் தரச் சொன்னோம். மறுப்பில்லாமல் மாற்றினார்கள், விலையும் குறைந்தது.

ஊரைப் பற்றி. நாங்கள் தேர்ந்தெடுத்தது வால் தொரான்ஸ். 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் மிக உயரமான பனிச்சறுக்கு ஊர் என்று சொல்லிக்கொள்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளோடு சேர்த்து 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை என்று பெருமை பேசுவார்கள். அதில் நாங்கள் தொட்டது ஓரத்தில் ஒரு துண்டு. அந்த 600 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஆறு நாள் டிக்கெட் எடுத்தால் ஒருவருக்கு 400 யூரோ அளவுக்கு ஆகும். தொடக்கநிலைக்காரர் அதை வாங்குவது, முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு மோர் மட்டும் குடித்துவிட்டு எழுவதற்குச் சமம். பல பிரெஞ்சு ஊர்களில் பழகுபவர்களுக்கென்று சில லிஃப்டுகளை இலவசமாகவே விட்டிருக்கிறார்கள்; உள்ளூருக்கு மட்டுமான டிக்கெட்டும் உண்டு. முதல் இரண்டு நாளுக்கு எது தேவை என்று பயிற்றுநரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது, நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. நம் பள்ளி ஆண்டு டிசம்பரில் முடிகிறது. ஐரோப்பியப் பள்ளிகள் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் விடுமுறை விடும். இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம் கிடைக்கிறது. மார்கழி பிறக்கும் வாரம் அது. ஹோட்டல் விலை கிறிஸ்துமஸ் வாரத்தைவிட மிகவும் குறைவு, லிஃப்டில் வரிசை இல்லை, பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் குறைவு. தாழ்வான ஊர்களில் அந்த நேரத்தில் பனி போதாமல் போகலாம் என்பதால்தான் உயரமான ஊரைப் பிடித்தோம். மிக ஆடம்பரமாக வேண்டும் என்றால் அதே மலைத்தொகுதியில் கூர்ஷவெல் இருக்கிறது. பிரான்ஸில் ஐந்து நட்சத்திரத்துக்கும் மேலே 'பேலஸ்' என்று ஒரு தகுதி கொடுக்கிறார்கள்; அந்தத் தகுதி பெற்ற ஹோட்டல்கள் அங்கே உண்டு. விலையைப் பார்த்ததும் கணவர் மடிக்கணினியை மூடிவிட்டார்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருந்தால் 45. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். விசாவுக்குக் கேட்கும், குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீட்டை எல்லோரும் வாங்கிவிடுவார்கள். அதில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்க மாட்டார்கள். பல பாலிசிகளில் அது விலக்கு. சரிவில் கால் முறிந்தால் படுக்கவைத்து இழுத்து வரும் சறுக்குவண்டிக்குக்கூட அங்கே கட்டணம் உண்டு. லிஃப்ட் டிக்கெட் வாங்கும்போதே நாளுக்குச் சில யூரோவுக்கு 'காரே நேஜ்' என்ற காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். மீட்புச் செலவுக்கு அது உதவும்.

டர்பனிலிருந்து துபாய், அங்கிருந்து ஜெனீவா, பிறகு தரைவழி. சாலையில் மூன்று மணி நேரம் என்பார்கள். அங்கே அறைகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்று விற்கப்படுவதால் ஊரே சனிக்கிழமை மாறுகிறது. 1992 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஆல்பர்வில்லைத் தாண்டியதும் கார்கள் ஊர்ந்தன. ஞாயிறில் தொடங்கும் அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். வாடகைக் கார் வேண்டாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த மலைப்பகுதிகளில் பனி டயரோ சங்கிலியோ கட்டாயம். டர்பனில் ஓட்டிப் பழகியவர் இரவில் வளைவு வளைவாகப் பனியில் ஏறுவது வீரம் ஆகாது. ஊருக்குள் கார் நிறுத்தவும் விட மாட்டார்கள். பஸ்ஸே உத்தமம்.

கடல் மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் 2,300 மீட்டர் ஏறியதை உடம்பு கவனித்தது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. முதல் இரவு எல்லோருக்கும் லேசான தலைவலி, தொண்டை வறட்சி. அத்தைக்கு ரத்த அழுத்தம் உண்டு. டர்பனிலேயே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை அளவு பேசி, முதல் நாள் எங்கும் நடமாட வேண்டாம் என்று உத்தரவு வாங்கித்தான் வந்திருந்தார். ஈரத் துண்டை ஹீட்டரின் மேல் போட்டுவிட்டுப் படுத்தால் மூக்கு வறள்வது குறையும். ஜோகன்னஸ்பர்க்காரர்கள் 1,700 மீட்டருக்கு மேல் வாழ்கிறவர்கள், இந்தப் பத்தியைப் படித்துச் சிரித்துக்கொள்ளட்டும்.

வாடகைக் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்கீயோடு பூட்ஸைப் பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். சாதாரணமாகத் திரும்பும்போது கழலக் கூடாது. அந்த இறுக்கத்தை எடை, உயரம், வயது, அனுபவம், பூட்ஸின் அடி நீளம் ஆகியவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கடைப் பையன் எடை கேட்டபோது, வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் காதில் விழும் என்பதாலோ என்னவோ, என் கணவர் தன் கல்யாணக் காலத்து எடையைச் சொன்னார். அன்று மதியம் நல்ல வளைவில் நேராக நின்றவரின் இடது ஸ்கீ கழன்று தன்பாட்டுக்குப் பக்கவாட்டில் போய் நின்றது, அவர் வேறு பக்கம் போய் உட்கார்ந்தார். மாலையில் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னார். பையன் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. திருப்புளியை எடுத்து இரண்டு திருகு திருகினான்.

பூட்ஸ் அளவை அங்கே சென்டிமீட்டரில் சொல்வார்கள்: 24.5, 26 என்று. காலைச் சுவரில் குதிகால் படும்படி வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள். நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுகிறவர்கள் நம்மில் அதிகம். ஒன்றுதான் போட வேண்டும், மெல்லியதாக, முழங்கால் வரை நீளமாக. இரண்டு போட்டால் சுருக்கம் விழுந்து முன்னெலும்பில் அழுத்தும். ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

எங்கள் ஹோட்டலில் கொடுத்த காசு முழுவதும் தெரிந்த இடம், பூட்ஸைக் காயவைக்கும் அறைதான். சூடான காற்று வரும் குழாய்கள் வரிசையாகச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பூட்ஸ் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். நனைந்த கம்பளியும் ரப்பரும் கலந்த ஒரு மணம். அதைக் கவனிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கள் மகள் காலைத் திணித்துத் திணித்துத் தோற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்து மண்டியிட்டார். எல்லாக் கொக்கிகளையும் விடுவித்தார், நாக்குப் பகுதியை முன்னும் வெளியிலுமாக இழுத்துப் பிடித்தார், காலை உள்ளே விடச் சொன்னார். பிறகு குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டச் சொன்னார். கால் பின்னுக்குப் போய் உட்கார்ந்தது. மேல் கொக்கியை லேசாக மாட்டி, முழங்காலை மடக்கவைத்து, அதன் பிறகுதான் கீழ்க் கொக்கிகள். விரல்மேல் வருவதைப் பெயருக்கு மாட்டினார். பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. முந்தைய நாள் காலை அரை மணி நேரம் தின்ற வேலை அது. இறுக்குவது கணுக்காலையும் முன்னெலும்பையும், பாதத்தை அல்ல.

பிள்ளைகளை ஈஎஸ்எஃப் என்ற பிரெஞ்சுப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தோம். 1945-இல் தொடங்கியது, சிவப்புச் சட்டைக்காரர்கள். குழு வகுப்பில் ஆங்கிலம் பேசும் குழு வேண்டும் என்று பதிவுசெய்யும்போதே சொல்லிவிட வேண்டும். வேகத்தைக் குறைக்க ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் 'பீட்சா', இரண்டையும் இணையாக வைத்தால் 'உருளைக்கிழங்கு வறுவல்'. மகனுக்கு இந்தப் பாடம் ஒரே நாளில் ஏறிவிட்டது. மறுநாள் நான் கைகளை விரித்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் இறங்கியபோது "பீட்சா, அம்மா, பீட்சா!" என்று சரிவு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பெரியவர்கள் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். முதல் நாள் இரண்டு மணி நேரம் தனிப் பயிற்சி எடுங்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க முயன்றால் சரிவில் மட்டுமல்ல, அறையிலும் குளிர் அடிக்கும்.

மரங்களே இல்லாத உயரத்தில் இருக்கும் ஊருக்கு ஒரு குறை உண்டு. மேகம் இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளை. அப்படி ஒரு பிற்பகலில் நானும் மகளும் நீலப் பாதையின் நடுவில் இருந்தோம். மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. நிற்கிறேனா நகர்கிறேனா என்பதுகூடச் சந்தேகமாக இருந்தது. உதவியது பாதையோரக் கழிகள். பிரான்ஸில் கழிகளில் எண் போட்டிருப்பார்கள், கீழே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். இறங்கும் திசையில் வலப்பக்கத்துக் கழிக்கு உச்சியில் ஆரஞ்சு நிறம் இருக்கும். பயிற்றுநர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். அடுத்த ஆரஞ்சு கண்ணில் படும் வரை காத்திருந்து, அது வரை இறங்கி, மறுபடி நின்று, எண்ணை மகள் உரக்கப் படித்து... ஒன்று என்று அவள் படித்தபோது ஹோட்டலின் விளக்கு தெரிந்தது. ஆரஞ்சு அல்லது மஞ்சள் சாயலுள்ள, மங்கிய வெளிச்சத்துக்கான கண்ணாடி ஒன்றைக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது. வெயில் நாளின் கறுப்புக் கண்ணாடி அங்கே பயன்படாது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நம் நிறத்துக்கு வெயில் என்ன செய்யும்?" என்பார் என் கணவரின் சித்தப்பா. புதிதாக விழுந்த பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மேலே போகப் போகக் கதிரின் வலுவும் கூடும். தாடைக்குக் கீழேயும் மூக்குத் துளைக்கு அடியிலும் எரிந்தது எனக்கு. களிம்பை அங்கேயும் தடவ வேண்டும். உதட்டுக்குத் தனி.

இனி அத்தை. சறுக்காதவரைப் பனிச்சறுக்கு ஊருக்கு அழைத்துப்போய் என்ன செய்வது என்பதுதான் எங்கள் பெரிய கவலையாக இருந்தது. நடப்பவர்களுக்கென்று தனி லிஃப்ட் டிக்கெட் உண்டு, விலையும் மலிவு. வானம் தெளிந்த ஒரு காலையில் சிம் கரோன் என்ற 3,200 மீட்டர் சிகரத்துக்குக் கேபிள் காரில் அழைத்துப்போனோம். புடவைக்கு அடியில் கம்பளிக் கால்சட்டை, மேலே மகளுடைய பழைய பனிக் கோட்டு, நெற்றியில் குங்குமம். பெட்டிக்குள் எல்லோரும் ஸ்கீயை நிமிர்த்திப் பிடித்து நிற்க, அவர் மட்டும் கைப்பையைப் பிடித்து நின்றார். உச்சியிலிருந்து மோன் பிளாங்க் சிகரம் தெரிந்தது. "இதைப் பார்க்க ஸ்கீ எதற்கு? நான் சும்மா வந்து பார்த்துவிட்டேனே!" என்றார். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கவிடவில்லை. உயரம் அவருடைய வயதுக்கு அதிகம்.

மற்ற நாட்களில் அவருக்கு மொட்டைமாடி நாற்காலி. சறுக்குப் பாதை கண்ணுக்கு நேரே ஓடியதால், பேரனின் வகுப்பு வரிசையாக வளைந்து வருவதைத் தினமும் பார்த்தார். ஊருக்கு நடுவில் தங்கியிருந்தால் அவர் ஒரு வாரமும் சுவரைத்தான் பார்த்திருப்பார். சறுக்குப் பாதையில் நடப்பது ஆபத்து, அனுமதியும் இல்லை என்பதால், வாசல் பனியில் இருந்தாலும் அவர் அந்தப் பக்கமாக வெளியே காலாற நடக்க முடியாது. நடக்க எது வழி என்று வரவேற்பறையில் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சாப்பாடு. காலையும் இரவும் ஹோட்டலிலேயே சாப்பிடும் கட்டணத்தில் போயிருந்தோம். அத்தை பல ஆண்டுகளாகச் சைவம். அந்த மலைநாட்டுச் சமையல் என்றால் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான், சைவத்துக்குச் சிக்கல் இல்லை என்று மேலோட்டமாகத் தோன்றும். தார்த்திஃப்லெட் என்று ஒன்று வரும்: உருளைக்கிழங்கு, வெங்காயம், மேலே உருகிய ரெப்லோஷோன் பாலாடைக்கட்டி. அதன் நடுவில் பன்றி இறைச்சித் துண்டுகள் ஒளிந்திருக்கும். வெங்காய சூப்பில் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு. ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் உருகிய பாலாடைக்கட்டியான ஃபோண்டுவில் வெள்ளை ஒயின். பாரம்பரியமான மலைப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். கடும் சைவக்காரர்கள் அதையும் விட்டுவிட வேண்டியிருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும்.

இரண்டு வாரம் முன்பே ஹோட்டலுக்கு எழுதினோம். சாப்பிடக் கூடாததைப் பட்டியல் போடுவதைவிடச் சாப்பிடக்கூடியதை எழுதியதுதான் பலித்தது: வெறும் சோறு, வேகவைத்த பருப்பு, காய்கறி, தயிர். பச்சை நிறப் பருப்பு வகை அந்த நாட்டில் தாராளமாகக் கிடைக்கிறது, சமையல்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை. தயிரைப் பற்றி அத்தைக்கு ஒரே வியப்பு, "டர்பனில் காசு கொடுத்தாலும் இப்படி வராது" என்று தினமும் சொன்னார். சோற்றில் தயிரைப் பிசைந்து, பெட்டியில் கொண்டுவந்த மாங்காய் அச்சாரை ஓரத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளை மேசை விரிப்பின் முன் கையால் சாப்பிட்டார். பரிமாறியவர் முதல் இரவு கரண்டியை அருகில் நகர்த்தினார். அடுத்த இரவு கை கழுவக் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். பூட்ஸ் அறையைப் போல இந்த இடத்திலும் ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறேன்.

அச்சார், ரசப்பொடி, அவல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி பெட்டியில் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. அறையில் கெட்டில் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். கேட்டால் தருவார்கள், கேட்க வேண்டும்.

மதியச் சாப்பாடு கட்டணத்தில் கிடையாது. சரிவோர உணவகங்களில் ஒரு தட்டுப் பாஸ்தாவின் விலையை ராண்டில் பெருக்கினால் இறங்காது. வாசல் பக்கத்தில் இருந்ததால் அறைக்கு வந்து ரொட்டியும் பழமும் சாப்பிட்டோம். நான்கு மணிக்கு ஹோட்டலில் பிள்ளைகளுக்குக் கேக்கும் சூடான சாக்லெட்டும் இலவசமாக வைத்தார்கள், அது எங்கள் பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டையே பாதியாக்கியது. டிசம்பரில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கிவிடுகிறது. லிஃப்டுகளும் நிற்கத் தொடங்கும். பிறகு பிள்ளைகளுக்கு வெந்நீர் நீச்சல் குளம். மகன் சறுக்கியதைவிடக் குளத்தில் இருந்த நேரம்தான் அதிகம் என்று எனக்குச் சந்தேகம்.

தண்டம் என்று சொன்னேனே, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலுக்கு உள்ளேயே இருக்கும் ஸ்கீ வாடகைக் கடை, தெருவிலுள்ளதைவிட விலை கூட; இணையத்தில் முன்பே பதிந்தால் தெருக்கடை இன்னும் இறங்கும். மசாஜ் நிலையத்தின் விலைப்பட்டியலை அழகுக்குப் படிக்கலாம். சரிவு தெரியும் அறையைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். ஹோட்டல் ஏற்பாடு செய்யும் தனி வண்டியும் அப்படித்தான். அதே வாசல் வசதியோடு மூன்று நட்சத்திரச் சரிவோர ஹோட்டலே அந்த ஊரில் உண்டு, வால் தொரான்ஸில் பெரும்பாலான கட்டடங்கள் சரிவை ஒட்டித்தான் இருக்கின்றன. அடுத்த முறை என்றால் நான் அங்கேதான் தேடுவேன்.

பனிச்சறுக்கு பிடிக்குமா என்று தெரியாமல் இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு லெசோத்தோ இருக்கிறது. மலுட்டி மலையில் ஆஃப்ரிஸ்கி, 3,000 மீட்டருக்கு மேலே, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பெரிய சரிவு ஒரு கிலோமீட்டர் அளவுதான். பனியில் பெரும்பகுதி இயந்திரம் தூவியது. ஆனால் நம் ஜூலைப் பள்ளி விடுமுறையில் திறந்திருக்கும், ராண்ட் அங்கே செல்லும், ஷெங்கன் தேவையில்லை. டர்பனிலிருந்து ஹாரிஸ்மித், ஃபூரிஸ்பர்க் வழியாகக் கலிடன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டி, மோத்தெங் கணவாய் ஏற வேண்டும். கணவாய்ச் சாலையில் பனி உறைந்து வழுக்கும் என்பதால் பகல் வெளிச்சத்திலேயே ஏறி முடித்துவிடுங்கள். எல்லைக்குப் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். பூட்ஸ் கடிக்கிறதா, விழுந்தால் சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்பது ஒரு வார இறுதியில் தெரிந்துவிடும்.

நாங்கள் ஜூலைக்கு அங்கே அறை பார்த்துக்கொண்டிருக்கிறோம். சமையலறை உள்ள வீடாக இருந்தால்தான் தானும் வருவேன் என்று அத்தை சொல்லிவிட்டார்.